சொந்த வீடும் நல்ல நேரமும்

(நாகூரில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



முதன்முதலாக ஒரு வீடு வாங்குகிறவர்களுக்கு ஏற்படும் தாமதங்களைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சாமி, ஜாதி, சடங்கு ஆகியவைகளைப் பற்றிப் பேசுகிற இயக்கத்துக்கு வீடு வாங்குகிற பேச்சு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். ஆனால், தான் நிற்கிற தரை பிறத்தியானுடையதாக இருக்கும்வரை ஒருவனுடைய சுயமரியாதை எவ்வளவு தூரம் நிலைக்கும் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

நம் தஞ்சை நாட்டுச் சங்கதி உங்களுக்குத் தெரியாததல்ல. நெல் விளைவித்தவனுடைய குடிசை மிராசுதாரருடைய மனையில் இருந்தது. கூலியை வாய்திறந்து கேட்டால், "குடிசையைப் பிரித்துக்கொண்டு போ" என்பதே பதிலாக இருந்தது. 1968 டிசம்பர் 25-ந் தேதி இரவு இந்த நாகை வட்டாரத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசையோடு கொளுத்தப்பட்டார்கள். 1971-இல் குடியிருப்புச் சட்டம் வந்த பிறகுதான் விவசாயத் தொழிலாளி தான் குடியிருந்த மனைக்குத் தானே சொந்தக்காரன் ஆக வழி பிறந்தது. அந்த நாளை எந்தப் பஞ்சாங்கம் குறித்துக் கொடுத்தது? எந்தக் கிரகம் இடம் மாறியதால் அந்தச் சட்டம் வந்தது? பாடுபட்டவர்கள் போராடினார்கள், சட்டம் வந்தது. அவ்வளவுதான்.

இன்று நம்மவர்கள் சிங்கப்பூரிலும் வளைகுடா நாட்டிலும் உழைத்துச் சேர்த்தும், பாங்கியில் கடன் வாங்கியும் ஒரு வீடு வாங்க முன்வருகிறார்கள். அதில் தாமதம் ஏற்படுகிறது. அந்தத் தாமதம் இரண்டு வகை. ஒன்று, நாமே நம் தலையில் போட்டுக்கொள்வது. மற்றொன்று, காகிதத்தாலும் பிற மனிதர்களாலும் வருவது. முன்னதை விட்டுத் தள்ள வேண்டும். பின்னதை அறிவோடு சமாளிக்க வேண்டும். நம் ஜனங்களோ இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள் என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

முதலில் நாமே செய்துகொள்ளும் தாமதத்தைப் பார்ப்போம். ஆனி, ஆடி, புரட்டாசி, மார்கழி, மாசி, பங்குனி ஆகிய ஆறு மாதங்களில் புதுவீடு குடிபோகக் கூடாதாம். வருஷத்தில் பாதி போய்விட்டது! காரணம் என்னவென்று கேட்டால், ஆனியில் மாவலி ராஜ்யத்தை இழந்தானாம். ஆடியில் இராவணன் கெட்டானாம். புரட்டாசியில் இரணியன் வதையாம். மார்கழியில் பாரதச் சண்டையாம். மாசியில் சிவன் விஷம் குடித்தாராம். பங்குனியில் மன்மதன் எரிந்தானாம். தோழர்களே! இந்த ஆறு பேரில் ஒருவராவது புதுவீடு குடிபோனதால் கெட்டார்களா? மாவலி தானம் கொடுத்துத்தானே கெட்டான்? அப்படியானால் ஆனி மாதத்தில் தானம் வாங்குவதைப் புரோகிதர் நிறுத்தியிருக்க வேண்டாமா?

வாஸ்து புருஷன் என்று ஒருவர் இருக்கிறாராம். அவர் வருஷத்தில் எட்டே நாள் கண் விழிக்கிறாராம். அதுவும் நாளொன்றுக்கு மூன்றே முக்கால் நாழிகை, அதாவது ஒன்றரை மணி நேரந்தான். இப்படித் தூங்குகிற ஒரு ஆளை நம் வயலில் வேலைக்கு வைத்துக்கொள்வோமா? அந்த எட்டு நாளில் ஒன்று ஆடியிலும் ஒன்று மாசியிலும் வருகிறது. ஆகவே, ஆடியில் மனை முகூர்த்தம் செய் என்று சொல்லுகிற அதே பஞ்சாங்கம், ஆடியில் குடிபோகாதே என்றும் சொல்லுகிறது!

மாதம் தப்பினால் மணி வந்து பிடித்துக்கொள்கிறது. வெள்ளிக்கிழமை காலை 10.30 முதல் 12 வரை ராகுகாலம். பிற்பகல் 3 முதல் 4.30 வரை எமகண்டம். ரிஜிஸ்தர் ஆபீஸ் திறந்திருக்கும் நேரத்தில் மூன்று மணி நேரம் இதிலேயே தொலைந்தது. ராகு என்று வானத்தில் ஒரு கோளே இல்லை. சந்திரன் போகும் பாதையும், சூரியன் போவதாக நமக்குத் தோன்றும் பாதையும் ஒன்றையொன்று வெட்டுகிற இரண்டு இடங்களுக்கு வைத்த பெயர்தான் ராகு, கேது என்பவை. இரண்டு ரோடு சந்திக்கிற முச்சந்திக்குப் பயந்து ஒருவன் வீட்டுக்குப் போகாமல் நின்றால் அவனை என்னவென்று சொல்வீர்கள்?

முஸ்லிம் தோழர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கிறீர்கள். ஸபர் மாதம் பீடை மாதம் என்றும், அதன் கடைசிப் புதன் ஒடுக்கத்துப் புதன் என்றும் சொல்லி, கலியாணத்தையும் குடிபோவதையும் தள்ளிவைப்பவர்கள் உங்களில் இல்லையா? சகுனம் பார்ப்பது மார்க்கத்தில் இல்லை என்று உங்கள் ஆலிம்களே சொல்லியும் அது போகவில்லை. ராகுவைக் கேலி செய்துகொண்டு ஸபருக்குப் பயப்படுவதில் லாபமென்ன?

இதனால் ஆகும் நஷ்டத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் 20 லட்சம் ரூபாய் கடன் வாங்கி, 100-க்கு வருஷம் 9 வட்டி என்று வைத்துக்கொண்டால், மாத வட்டி 15,000 ரூபாய். குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை 6,000 என்று வையுங்கள். ஆனி முதல் தேதி சாவி கிடைத்தும் ஆவணி வரை காத்திருந்தால், பூட்டுத் தொங்குகிற வீட்டுக்கு வட்டி 30,000; வாடகை 12,000. இந்த 42,000 ரூபாயை மாவலியும் தரமாட்டான், இராவணனும் தரமாட்டான்.

சர்க்காரும் இதற்கு உடந்தையாக இருப்பதைப் பாருங்கள். முகூர்த்த நாள் என்றால் பத்திரம் பதிய வழக்கமாக 100 டோக்கன் கொடுக்கிற ஆபீசில் 150 டோக்கன் என்று பதிவுத் துறையே அறிக்கை விடுகிறது. அன்றைக்கு ஜனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு காலை முதல் மாலை வரை நிற்கிறார்கள். கூட்டமில்லாத நாளில் போனால் சீக்கிரம் வேலை முடியும். "நல்ல நாள்" என்பதே காத்துக் கிடக்கிற நாளாக இருக்கிறது!

இனி இரண்டாவது வகைத் தாமதத்துக்கு வருகிறேன். "ஐயா, வக்கீல் பத்திரத்தைப் பார்க்க ஒரு மாதம் கேட்கிறார், அதற்குள் நல்ல நாள் தவறிவிடும், அட்வான்சைக் கொடுத்து முடித்துவிடுகிறேன்" என்கிறவர்கள் எத்தனை பேர்! குடிபோவதற்கு ஆறு மாதம் காத்திருக்கத் தயாராக இருக்கிற மனிதன், பத்திரத்தைப் பார்க்க ஒரு மாதம் பொறுக்க மாட்டேன் என்கிறான். அவசரப்பட வேண்டிய இடத்தில் தூங்குகிறோம். நிதானிக்க வேண்டிய இடத்தில் ஓடுகிறோம். புரட்டுக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பத்திரம் பார்ப்பதற்கு ஏன் நாள் ஆகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். தெற்கு ஆஸ்திரேலியாவில் 1858-இல் டாரன்ஸ் என்பவர் முயற்சியால் ஒரு சட்டம் வந்தது. சர்க்கார் புஸ்தகத்தில் யார் பெயர் பதிந்திருக்கிறதோ அவரே சொந்தக்காரர் என்று அங்கே சர்க்காரே பொறுப்பேற்றது. நம் நாட்டில் 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி பதிவாவது பத்திரம்; விற்கிறவனுக்கு உண்மையில் உரிமை உண்டா என்பதற்குச் சர்க்கார் ஜாமீன் அல்ல. அதை நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும். மூலப் பத்திரம் எங்கே? வில்லங்கச் சான்றில் அடமானம் ஏதாவது இருக்கிறதா? பட்டா யார் பேரில் இருக்கிறது? கூட்டுப் பட்டாவானால் உட்பிரிவு ஆகியிருக்கிறதா? தகப்பனார் இறந்திருந்தால், அண்ணன் தம்பியோடு அக்காள் தங்கையும் கையெழுத்துப் போடுகிறார்களா? இவ்வளவையும் பார்க்கிற தாமதம் நஷ்டமல்ல. அது நம் பணத்துக்குக் காவல்.

நம் ஜில்லாவில் இது இன்னும் அவசியம். கோவிலுக்கும் மடத்துக்கும் தர்காவுக்கும் பள்ளிவாசலுக்கும் இங்கே நிலம் ஏராளம். மேல்கட்டடம் ஒருவருடையதாகவும் அடிமனை கோவிலுடையதாகவும் இருக்கும். 1959-ம் வருஷத்து அறநிலையச் சட்டப்படி, கோவில் நிலத்தைத் தக்க அனுமதியில்லாமல் விற்றால் அந்த விற்பனை செல்லாது. வக்பு சொத்தை விற்பதும் செல்லாது. சாமி பெயரைச் சொல்லி நாள் பார்த்து வாங்கின வீடு, சாமி நிலத்திலேயே இருந்து கையை விட்டுப் போனால் எந்தச் சாமி வந்து பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்?

அடுத்தது, அக்ரிமெண்டு. 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டப்படி, விற்கிறேன் என்று எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தால் மட்டும் வீடு உங்களுடையதாகிவிடாது. கிரயப் பத்திரம் பதிவாக வேண்டும். ஒப்பந்தத்தில் எந்தத் தேதிக்குள் கிரயம் என்பதைக் கட்டாயம் எழுதி வாங்குங்கள். அந்தத் தேதியிலிருந்து மூன்று வருஷத்துக்குள் கோர்ட்டுக்குப் போகாவிட்டால் வழக்குக் காலாவதியாகிவிடும். கிரயப் பத்திரத்தில் கையெழுத்தானால் நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொடுக்க வேண்டும். கோள்களின் கெடுவை மனப்பாடம் செய்திருக்கிற நாம், சட்டத்தின் கெடுவைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

வீடு கட்டி விற்கிற கம்பெனியிடம் வாங்குகிறவர்களுக்கு 2016-இல் ஒரு மத்திய சட்டம் வந்திருக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ, எட்டு வீட்டுக்கு மேலாகவோ கட்டி விற்கிறவர்கள் அதிகார சபையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். நம் ராஜ்யத்துக்கான சபை சென்னையில் இருக்கிறது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 100-க்கு 10-க்கு மேல் வாங்கக் கூடாது. வாங்குகிற பணத்தில் 100-க்கு 70 தனிக் கணக்கில் இருக்க வேண்டும். சொன்ன தேதியில் வீட்டைக் கொடுக்கவில்லையானால், நீங்கள் விலகிக்கொண்டு பணத்தை வட்டியோடு திருப்பிக் கேட்கலாம். அல்லது வீடு வரும்வரை தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கேட்கலாம். ஆகவே தாமதமானால் கோவிலுக்கு நேர்த்திக்கடன் வேண்டாம். தர்காவில் சீட்டுக் கட்டவும் வேண்டாம். தபாலில் ஒரு கடிதம் எழுதுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள், பதில் இல்லையானால் சபையில் புகார் கொடுங்கள்.

தோழர்களே! "எனக்கு இன்னும் காலம் கூடிவரவில்லை" என்று நாம் சொல்லுகிறோமே, அதனால் யாருக்கு லாபம்? பணத்தை வாங்கிக்கொண்டு ஏமாற்றுகிறவனுக்கும், மனுவை மேஜையில் போட்டுவைத்திருக்கிற உத்தியோகஸ்தனுக்கும்தான் லாபம். குற்றம் செய்தவனை விட்டுவிட்டுச் சனியனைக் குற்றவாளியாக்குவதுதான் ஜோசியம்.

2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி அலை இந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் கொண்டுபோயிற்று. கடல் மதமும் பார்க்கவில்லை, நாளும் பார்க்கவில்லை. தப்பினவர்கள் வெயிலில் கொதிக்கும் தற்காலிகக் கொட்டகைகளில் ஒரு வருஷத்துக்கு மேலும் கிடந்தார்கள். தலைவிதி என்று அவர்கள் பேசாமல் இருந்திருந்தால் இன்னும் அங்கேயே இருப்பார்கள். கேட்டார்கள், மனுப் போட்டார்கள், வீடு வந்தது. 2005 மார்ச்சில் சர்க்கார் போட்ட வீட்டுத் திட்ட உத்தரவில், வீட்டுரிமை கணவன், மனைவி இருவர் பேரிலும் இருக்கும் என்று வைத்தார்கள். பெண்களுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாட்டில் தீர்மானித்தோமல்லவா? சர்க்கார் வீட்டுக்கு வந்த அந்த முறை, நாம் காசு கொடுத்து வாங்கும் வீட்டுக்கும் வரட்டும். பத்திரத்தில் மனைவியின் பெயரையும் எழுதுங்கள்.

நம் வாலிபர்கள் ராகுகாலத்தில் கலியாணம் செய்து காட்டினார்கள். புரோகிதரில்லாத அத்திருமணங்கள் செல்லும் என்று 1967-இல் அண்ணா ஆட்சியில் சட்டமும் நிறைவேறியது. கலியாணத்தில் விட்டுவிட்ட பயத்தை வீட்டு வாசற்படியில் வைத்துக்கொள்ளலாமா? ஆகையால் தோழர்களே, பத்திரத்தைப் பார்க்க வேண்டிய நாள்வரை பொறுத்துப் பாருங்கள். கெடு தவறினவனை விடாமல் கேளுங்கள். சாவி கைக்கு வந்தால் அன்றைக்கே, ஆடியானாலும் மார்கழியானாலும், செவ்வாயானாலும் ஸபரானாலும், பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டு குடிபோங்கள். அண்டை வீட்டாரை ஜாதி மதம் பார்க்காமல் அழைத்து ஒரு வேளை சோறு போடுங்கள். அதைவிடச் சிறந்த புதுமனை புகுவிழா வேறில்லை.