வேலையும் விருப்பமும் வீடும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இருப்புப்பாதையே இல்லாத தீவில் இரயில்வே எழுத்தன் ஒருவனைப் பேச அழைத்திருக்கின்றீர்கள். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். இங்கு வாழும் என் தமக்கையாரைக் காணச் சென்னையிலிருந்து கப்பலேறி வந்தவன். புலவர் நிற்க வேண்டிய மேடையில் நிற்கும் துணிவை உங்கள் அன்பே தந்தது.

வண்டூரில் நான் கண்ட இளைஞர் சிலர், சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள நிறுவனங்களுக்கு இங்கிருந்தே கணினி வழியாகப் பணி செய்கின்றனர். இரவில் தமக்கென வேறு முயற்சிகளும் வைத்திருக்கின்றனர். சென்னையையும் இத்தீவுகளையும் இணைக்கும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கம்பிவடம் 2020 ஆகஸ்டு 10ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது. அன்று நாம் வேலை தேடிக் கடல் கடந்தோம். இன்று வேலையே கடல் கடந்து நம் வீட்டுக் கூடத்தில் வந்தமர்ந்துவிட்டது. வந்த விருந்தினர் எழுந்து போக மறுக்கின்றார் என்பதே இல்லத்தரசிகளின் குறை!

பணிக்கு அப்பால் ஒரு முயற்சி வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. 1912 மார்ச்சுத் திங்களில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் ரூ. 30 ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்தவர் கணித மேதை இராமானுசன். 1913 சனவரியில் கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஆர்டிக்கு எழுதிய மடலில் தம்மைக் கணக்குப் பிரிவு எழுத்தர் என்றே அறிமுகப்படுத்திக் கொண்டார். 1998 பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் அறிவியல் ஆய்வாளராக இருந்த கல்யாணசுந்தரம் அவர்கள் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். ஊதியம் பெறாத தொண்டர்கள் பல நாடுகளிலிருந்தும் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, எவரும் விலையின்றிப் படிக்கத் தந்தனர். ஓய்வு நேரம் ஊருக்கு உதவியதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

எனக்கும் அவ்வாசை பிறந்தது. பணி முடிந்து வந்ததும் பழைய நூல் ஒன்றைக் கணினியில் ஏற்றத் தொடங்கினேன். நள்ளிரவு கடந்தும் விளக்கு எரியும். ஒருநாள் என் மகள் பள்ளி மதிப்பெண் ஏட்டை நீட்டினாள். நிமிர்ந்தும் பாராமல் கையெழுத்திட்டேன். இரு வாரங்களுக்குப் பின் ஆசிரியை அழைத்துக் கேட்டபோதுதான், கணக்கில் அவள் தேறவில்லை என்பதை அறிந்தேன். நிலையத்தில் ஒரு ரூபாய் குறைந்தாலும் கணக்கை மூடாத நான், பெற்ற மகளின் ஏட்டைப் படியாமலே ஒப்பமிட்டிருந்தேன்!

மனைவி சினந்து பேசவில்லை. “ஊருக்காக எத்தனை பக்கம் பிழை பார்க்கின்றீர்கள், இந்த ஒரு பக்கத்தையும் பார்த்திருக்கலாமே” என்றாள். அந்தச் சொல் இன்றும் என் காதில் ஒலிக்கின்றது.

மறுநாள் முதல் ஒழுங்கொன்று வகுத்தோம். மாலையில் முதல் ஒரு மணி நேரம் மகளின் பாடத்துக்கு. உணவு முடிந்தபின் ஒரு மணி நேரம் மட்டும் நூலுக்கு. ஞாயிறன்று கணினியைத் திறப்பதில்லை. மனைவி மூல நூலை உரக்கப் படிப்பாள். நான் திரையில் ஒப்பிட்டுத் திருத்துவேன். மகள் அருஞ்சொற்களைக் குறித்து வைப்பாள். நான்கு திங்களில் முடியவேண்டிய நூல் ஓராண்டுக்கு மேல் இழுத்தது. மெய்தான். ஆயினும் நூறாண்டு காத்திருந்த நூல் இன்னும் ஓராண்டு காத்திராதா? மகளின் பத்தாம் வயது காத்திருக்குமா?

மீண்டும் இராமானுசனை நினைக்கின்றேன். 1909இல் அவர் கைப்பிடித்த சானகி அம்மையார், 1914 முதல் 1919 வரை கணவரைப் பிரிந்திருந்தார். திரும்பி வந்தவர் 1920 ஏப்ரலில், தம் 32ஆம் வயதில் மறைந்தார். அம்மையாரோ 1994 வரை வாழ்ந்தார். மேதையின் குறிப்பேடுகளை உலகம் எண்ணிப் போற்றுகின்றது. வீடு கொடுத்த விலையை எந்த ஏட்டில் எழுதுவது? மேதைகளுக்கு வேறு வழி இல்லாதிருக்கலாம். நமக்கு உண்டு.

ஆகவே இளைஞர்களே, முயற்சியைக் கைவிடாதீர்கள். அதற்குரிய நேரத்தை வீட்டாரைக் கேட்டு வாங்குங்கள், கேளாமல் எடுக்காதீர்கள். கேட்டு வாங்கியது கொடை. கேளாமல் எடுத்தது கடன். அந்தக் கடனுக்கு வட்டி கட்டுபவர் பிள்ளைகளே. தாய்மார்களே, கேட்டு வருபவர்க்கு ஒரு மணி நேரம் மனமுவந்து கொடுங்கள். இன்று இரவு வீடு சென்றதும் பிள்ளைகளின் ஏட்டை ஒருமுறை திறந்து பாருங்கள். அதுவே எனக்கு நீங்கள் அணிவிக்கும் மாலை.

வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!