சட்ட நிபுணரும் பொது ஜனங்களும்

(தியாகராய நகர்க் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நமக்குக் கொடுக்கப்பட்ட விஷயம், "அரசியல் சட்டமும் அதற்கு யோசனை சொல்லுவோரும்" என்பதாகும். இது வக்கீல்கள் சங்கதி, நமக்கென்ன என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். ஆனால் நம் பிள்ளைக்குக் கல்லூரியில் இடமுண்டா இல்லையா என்பதையே அந்தச் சங்கதிதான் முடிவு செய்கிறது. அதை எடுத்துக்காட்டவே வந்திருக்கிறோம்.

ஐரோப்பாவில் வெனிஸ் கமிஷன் என்று ஒரு சபை இருக்கிறது. கிழக்கு ஐரோப்பிய நாடுகளில் பழைய ஆட்சிகள் விழுந்து, புது அரசியல் சட்டங்கள் எழுதவேண்டி வந்த சமயத்தில், 1990 இல் ஐரோப்பியக் கவுன்சில் இதை ஏற்படுத்திற்று. சட்டப் பேராசிரியர்களும் நீதிபதிகளும் இதன் அங்கத்தினர்கள். வருஷத்தில் நான்கு முறை வெனிஸ் நகரில் கூடுகிறார்கள். ஒரு நாடு தன் சட்டத்தை அனுப்பிக் கேட்டால், இன்ன இடத்தில் குற்றம், இன்ன இடத்தில் ஆபத்து என்று காரணத்தோடு எழுதிக் கொடுத்து, அதை ஊரறிய வெளியிடுகிறார்கள். தேர்தல் சட்டத்தின் முக்கிய பாகங்களைத் தேர்தலுக்கு முந்திய ஒரு வருஷத்திற்குள் மாற்றக்கூடாது என்று 2002 இல் அவர்கள் சொன்னது நல்ல யோசனைதான். 2002 முதல் ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள நாடுகளும் சேரலாம் என்று ஆகியிருக்கிறது. நமது நாடு இதில் அங்கத்தினர் அல்ல.

ஆனால், தோழர்களே, அவர்கள் சொல்லுவது யோசனையே ஒழிய உத்தரவு அல்ல. போலந்து நாட்டு அரசாங்கம் தன் அரசியல் சட்ட நீதிமன்றத்தைப் பற்றிச் செய்த சட்டத்தின்மேல் தானே இக்கமிஷனின் அபிப்பிராயத்தைக் கேட்டது. அந்த நீதிமன்றத்தை முடமாக்கினால் ஜனநாயகமே கெடும் என்பதாக 2016 மார்ச்சில் பதில் வந்தது. கேட்டவர்களே அதைத் தள்ளி வைத்தார்கள். அந்த நீதிமன்றம் அதே மாதத்தில் சொன்ன தீர்ப்பை அரசிதழில் வெளியிடவும் மறுத்தார்கள். 2023 இல் வாக்காளர்கள்தான் அந்த ஆட்சியை மாற்ற வேண்டியிருந்தது. மாற்றின பின்புங்கூட, கெட்டதைச் சரி செய்வது எளிதாக இல்லை.

நிற்க. நம் நாட்டுக்கும் இப்படி யோசனை கேட்ட கதை உண்டு. அரசியல் நிர்ணய சபைக்குச் சட்ட ஆலோசகராக இருந்த பி. என். ராவ் 1947 இல் அமெரிக்கா, கனடா, அயர்லாந்து, பிரிட்டன் ஆகிய நாடுகளுக்குப் போய் நிபுணர்களைக் கலந்தார். பர்மா தேசத்துச் சட்டத்திற்கும் அவர் உதவினார். டாக்டர் அம்பேத்கர் தலைமையில் அமைந்த வரைவுக் குழுவில், நமது மயிலாப்பூரில் வாழ்ந்த அல்லாடி கிருஷ்ணசாமி அய்யரும் ஒருவர். அவரது சட்ட ஞானத்தில் நமக்குச் சந்தேகமில்லை. அந்த ஞானம் யாருக்குப் பயன்பட்டது என்பதே நமது கேள்வி.

நாம் நிற்கும் இந்தத் தியாகராய நகர், நீதிக்கட்சித் தலைவர் சர். பிட்டி தியாகராயர் பெயரைக் கொண்டது. பக்கத்திலுள்ள பூங்கா பனகல் அரசர் பெயரைக் கொண்டது. அவர்கள் கட்சி ஆட்சியில் 1921 இல் பிறந்ததுதான் வகுப்புவாரி உத்தரவு. 1928 இல் மந்திரி முத்தையா முதலியார் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். பின்னர் கல்லூரி இடங்களுக்கு இருந்த கணக்கைக் கேளுங்கள். 14 இடமிருந்தால் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனருக்கு 2, ஆதிதிராவிடருக்கு 2, ஆங்கிலோ இந்தியர், இந்தியக் கிறிஸ்தவர் இரு சாராருக்கும் சேர்த்து 1, முஸ்லீம்களுக்கு 1. யாருக்கும் இல்லை என்று சொல்லாத பங்கு இது.

1950 ஜனவரி 26 இல் புதிய அரசியல் சட்டம் அமுலுக்கு வந்தது. அவ்வருஷமே ஜூலையில் சென்னை ஹைகோர்ட் இவ்வுத்தரவு செல்லாது என்றது. 1951 ஏப்ரல் 9 இல் சுப்ரீம் கோர்ட்டின் 7 நீதிபதிகளும் அதையே உறுதி செய்தார்கள். இதுதான் சம்பகம் துரைராஜன் வழக்கு என்று பேர்பெற்றது. உத்தரவை எதிர்த்தவர் தரப்பில் நின்று வாதாடியவர்களில் அல்லாடி அய்யரும் ஒருவர். சட்டம் எழுதிய கையே வந்து அதற்குப் பொருளும் சொல்லிற்று! கோர்ட்டார் சொன்ன காரணம் என்ன? உத்தியோகத்தில் பிற்பட்டவருக்கு இடம் ஒதுக்க 16 ஆம் பிரிவில் வழி இருக்கிறது, படிப்பைப் பற்றிய 29 ஆம் பிரிவில் அப்படி ஒரு வாசகம் இல்லை என்பதுதான். ஒரு வாசகம் விடுபட்டதால் எத்தனையோ குடும்பத்துப் பிள்ளைகளின் படிப்புக்கு ஆபத்து வந்துவிட்டது.

பிறகு நடந்ததென்ன? பெரியார் தலைமையில் நாடெங்கும் கிளர்ச்சி எழுந்தது. வில்லும் வேலும் எடுக்கவில்லை. கூட்டம் போட்டார்கள், கடையடைத்தார்கள், கேள்வி கேட்டார்கள். தீர்ப்பு வந்த 70 ஆம் நாள், அதாவது 1951 ஜூன் 18 இல், அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் அமுலுக்கு வந்தது. 15 ஆம் பிரிவில் நாலாவது உட்பிரிவு சேர்ந்தது. விடுபட்ட வாசகம் வந்துவிட்டது!

இவ்விரண்டு கதைகளையும் சேர்த்துப் பாருங்கள். போலந்தில் நல்ல யோசனை கிடைத்தும் அதிகாரத்திலிருந்தவர்கள் கேட்கவில்லை. இங்கே பெரிய நிபுணரின் வாதமும் உயர்ந்த கோர்ட்டின் தீர்ப்பும் நமக்கு எதிராயிருந்தும் ஜனங்கள் விழித்ததால் சட்டமே திருந்திற்று. ஆகவே நிபுணர் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வைத்தியர் வேண்டும், ஆனால் வலி எங்கே என்று நோயாளிதான் சொல்ல வேண்டும்.

வேதத்தை மனிதன் மாற்றக்கூடாது என்று நம்மை வெகுகாலம் ஏய்த்தார்கள். அரசியல் சட்டம் அப்படிப்பட்டதல்ல. மனிதன் எழுதியது, மனிதன் திருத்துவது. அதற்குள்ளேயே திருத்தும் வழியும் எழுதியிருக்கிறது. அதுவே அதன் பெருமை.

ஆதலால் தோழர்களே, நிலப் பத்திரத்தை எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்கிற நீங்கள், இந்தப் பத்திரத்தையும் அப்படியே கேளுங்கள். யோசனை சொல்லுகிறவர் யார், காரணம் என்ன, லாபம் யாருக்கு என்று கேளுங்கள். கேட்கிற ஜனங்கள் உள்ள ஊரில்தான் நல்ல யோசனை பலிக்கும், கெட்ட யோசனை தோற்கும் என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறோம்.