ஹவார் தீவு வழக்கு
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



எல்லைத் தகராறு என்றாலே போர்தான் என்று எண்ணுகிறோம். நம் பிள்ளைகள் பலர் பிழைக்கச் சென்றுள்ள கத்தாரும் பஹ்ரைனும் வேறு வழி கண்டன. அதனை எடுத்துரைக்க விரும்புகிறேன்.

ஹவார் தீவுகள் கத்தார் கரையை ஒட்டிக் கிடப்பவை. எனினும் அவை பஹ்ரைனுக்கே உரியவை என 1939இல் பிரிட்டிஷ் அரசு முடிவு கூறிற்று. கத்தார் அதை ஏற்கவில்லை. பஹ்ரைனோ, தன்னை ஆளும் கலீஃபா குடும்பம் முன்பு வாழ்ந்த ஸுபாராவை, அது கத்தார் நிலப்பரப்பில் இருந்தும், தனதென்றது. கடல் வற்றும்போது மட்டும் தலைகாட்டும் ஃபஷ்த் அத்திபல் திட்டில் 1986இல் கத்தார் படை இறங்கி, அங்கிருந்த பணியாளர்களைப் பிடித்துச் சென்றது. சவூதி மன்னர் ஃபஹ்து சமரசத்திற்கு முன்வந்தார்.

சமரசப் பேச்சில் ஒரு தீவை விட்டுக்கொடுக்கும் ஆட்சியாளர் தம் மக்களுக்குப் பதில் கூற வேண்டும். நீதிமன்றத் தீர்ப்பால் இழந்தால் அப்பழி அவர்மீது அவ்வளவாக விழாது. அரசுகள் வழக்காட முன்வருவதற்கு நியாய உணர்வைவிட இக்கணக்கே பெரிதும் காரணம் என்பது என் கருத்து.

ஆயினும் இருவரும் சம்மதித்தாலன்றி, தி ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் விசாரிக்க இயலாது. சம்மதம் இருந்ததா என்பதே முதல் வழக்காயிற்று! குவைத் ஆக்கிரமிக்கப்பட்டிருந்த 1990 டிசம்பரில், தோஹாவில் கூடிய வளைகுடா மாநாட்டின்போது இரு வெளியுறவு அமைச்சர்களும் ஒரு குறிப்பில் கையொப்பமிட்டனர். சவூதி சமரசம் 1991 மே மாதத்திற்குள் பலிக்காவிடில் ‘அத்தரஃபான்’, அதாவது இரு தரப்பினர், நீதிமன்றம் செல்லலாம் என்பது அதன் வாசகம். ஜூலையில் கத்தார் தனித்தே மனுச் செய்தது. இருவரும் சேர்ந்தே செல்ல வேண்டும் என்று பஹ்ரைன் வாதிட்டது; அக்குறிப்பு உடன்படிக்கையே அன்று என்றும் மறுத்தது. அது உடன்படிக்கையே என 1994இலும், தனித்தும் வரலாம் என 1995இலும் நீதிமன்றம் தீர்த்தது. ஓர் அரபுச் சொல்லின் பொருளை உலக நீதிபதிகள் ஆண்டுக்கணக்கில் ஆய்ந்தனர்!

பின்னர் கத்தார் காட்டிய 82 ஆவணங்கள் போலி என்றது பஹ்ரைன். கத்தார் அவற்றைக் கைவிட நேர்ந்தது.

2001 மார்ச் 16இல் தீர்ப்பு வந்தது. ஹவார், 12க்கு 5 என்ற வாக்கில், பஹ்ரைனுக்கு. ஸுபாரா ஒருமனதாகக் கத்தாருக்கு. ஃபஷ்த் அத்திபலும் கத்தாருக்கே. கடலில் ஒரே எல்லைக்கோடு வரையப்பட்டது. ஹவாரை இழந்தது வேதனையே எனினும் ஏற்கிறோம் எனக் கத்தார் அமீர் அறிவித்தார்.

2017இல் பஹ்ரைன் கத்தாருடன் உறவைத் துண்டித்தது. 2023இல்தான் தூதரக உறவை மீண்டும் தொடங்க இருநாடுகளும் இசைந்தன. அப்பகை ஆண்டுகளிலும் 2001இன் எல்லைக்கோடு மாறவில்லை.