சாப்பிடும் சத்தம் சில பிள்ளைகளுக்கு ஏன் பொறுக்கவில்லை?

(கோட்டாறில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





நோன்பு திறக்கும் நேரத்தில் எல்லோரும் ஒன்றாக உட்காருகிறோம். கஞ்சி உறிஞ்சுகிற சத்தமும் வடை மெல்லுகிற சத்தமும் நம் காதில் ஏறுவதே இல்லை. ஆனால் சில வீடுகளில் ஒரு பிள்ளை முகம் சிவந்து எழுந்து, தட்டோடு வேறு அறைக்குப் போய்விடும். உடனே, "வாப்பாவோடு உட்கார்ந்து சாப்பிட மரியாதை இல்லையா?" என்று சண்டை தொடங்கும்.

அது திமிராகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. மிசோபோனியா என்று ஒரு கோளாறு உண்டு. 2001-ல் அமெரிக்காவில் யாஸ்ட்ரெபோஃப் தம்பதியர் வைத்த பெயர் இது. ஒலி வெறுப்பு என்று பொருள். சில குறிப்பிட்ட ஒலிகளையும் அவற்றோடு சேர்ந்த காட்சிகளையும் தாங்கும் சக்தி குறைந்துபோவதே இந்தக் கோளாறு என்று 2022-ல் நிபுணர் குழு ஒன்று வரையறுத்தது. அதே ஆண்டு மைசூர் பல்கலைக்கழக மாணவர்களிடம் நடந்த ஆய்வும் வெளிவந்தது. ஆகவே இது வெளிநாட்டுக்காரர் சங்கதி மட்டுமல்ல.

ஒன்றைக் கவனியுங்கள். சத்தம் பெரிதா சிறிதா என்பது இங்கே கணக்கில்லை. பட்டாசுச் சத்தத்தைத் தாங்குகிறவருக்கும், மெல்லுவது, மூக்கை உறிஞ்சுவது, பேனாவை டக் டக் என்று அமுக்குவது போன்ற சின்னச் சத்தம் பொறுக்காது. கோபமும் அருவருப்பும் பொங்கும், நெஞ்சு படபடக்கும். கேட்கும் திறனில் குறை இருக்கவேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் சிறுவயதிலோ பருவ வயதிலோ தொடங்கும். நெருங்கிய சொந்தங்களின் சத்தமே பலருக்கு அதிகம் உறுத்தும். அது பாசக்குறைவு அல்ல.

என்ன செய்யலாம்? அந்தப் பிள்ளையைக் கேலி செய்து, வேண்டுமென்றே சத்தம் போட்டுக் காட்டாதீர்கள். மின்விசிறியை ஓடவிடுங்கள்; சற்றுத் தள்ளி உட்காரவிடுங்கள். பிள்ளைகளும் பெரியவர்கள் மேல் எரிந்து விழாமல், "எனக்கு முடியவில்லை, கொஞ்சம் எழுந்து போகிறேன்" என்று பணிவாகச் சொல்லப் பழகவேண்டும். நாள் முழுதும் காதை அடைத்துக்கொள்வது நல்லதல்ல.

படிப்பும் உறவும் கெடுகிற அளவுக்குப் போனால், துஆவோடு மருத்துவத்தையும் நாடுங்கள். இதற்கென்று தனி மாத்திரை இல்லை. மனநல ஆலோசனைப் பயிற்சி பலருக்கு உதவுகிறது. ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்கலாம். 14416 என்ற அரசின் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

ஒரு பிள்ளை தனியே உட்கார்ந்து சாப்பிடுவதால் குடும்பம் பிரிந்துவிடாது. காரணம் தெரியாமல் தினமும் ஏசினால்தான் பிரியும். அல்லாஹ் நம் வீடுகளில் பொறுமையையும் பரகத்தையும் தருவானாக.