பத்திரமும் பாத்தியதையும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் ரயில்வே சரக்கு அலுவலகத்தில் குமாஸ்தா. ஆணியடித்து மூடிய பெட்டி வந்தால், "உள்ளிருப்பது இன்னதென அனுப்புவோர் சொல்லுகிறார்" என்று ரசீதில் குறித்துக் கொடுப்போம். பெட்டி வந்ததற்கு நாங்கள் சாட்சி. உள்ளே இருப்பது பட்டோ பஞ்சோ, அதற்குச் சாட்சியல்ல. நம் நாட்டுப் பத்திரப் பதிவும் இத்தகையதே.

1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் பத்திரத்தைப் பதிகிறது. பாத்தியதைக்கு உறுதி கூறுவதில்லை. விற்பவர் உண்மையில் உடையவர்தாமா என்று தீர்ப்பது சார்பதிவாளரின் பொறுப்பன்று. மூலப் பத்திரத்தைக் காட்டாவிடில் பதிவை மறுக்கலாமெனத் தமிழ்நாட்டில் இருந்த விதியையும், மூலச் சட்டம் அவ்வதிகாரத்தைத் தரவில்லையென்று 2025-இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. வில்லங்கச் சான்றோ பதிவானவற்றையே காட்டும்; பதிவாகாத உயிலையும், கையொப்பமிடாத வாரிசையும் காட்டாது.

இதன் வலியை நான் அறிவேன். என் தந்தையார் ஊரில் வாங்கிய ஐந்து சென்ட் மனைக்குக் கிரயப் பத்திரமும் உண்டு, வில்லங்கச் சான்றும் உண்டு. ஆயினும் விற்றவரின் தமக்கையார் தம் பங்கைக் கேட்டு வழக்கிட்டார். அவர் கேட்டதில் அநியாயமில்லை. எங்கள் பணத்திலும் கள்ளமில்லை. ஒன்பது ஆண்டுகள் என் விடுமுறைகளெல்லாம் நீதிமன்ற வாயிலில் கழிந்தன. நல்லவர் இருவரை மோதவிட்டது சட்டத்தின் குறையே.

மாற்று வழி உண்டு. தென் ஆஸ்திரேலியாவில் 1858-இல் டாரன்ஸ் என்பவர் கொணர்ந்த முறையில் அரசின் பதிவேடே உரிமைக்கு முடிவான சான்று. பிழையால் நஷ்டமுற்றோர்க்கு ஈடுசெய்ய நிதியும் அமைத்தனர். நம் நாட்டில் ராஜஸ்தான் 2016-இல் நகர்ப்புற நிலங்களுக்கு உரிமைச் சான்றளிக்கச் சட்டம் இயற்றியது. இம்முறை நாடெங்கும் வரவேண்டும். ஆனால், சான்றளிக்குமுன் நிலத்தை அளந்து, பெண்மக்கள், குடியிருப்போர் உள்ளிட்ட அனைவர்க்கும் அறிவிப்புத் தந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டல் வேண்டும். இன்றேல், காகிதமற்ற ஏழையின் உரிமை ஒரே முத்திரையில் அழிந்துபோகும்.

அதுவரை, ஊரைவிட்டுத் தொலைவில் வாழும் நாம் விழிப்பாயிருப்போம். வாங்குமுன், வாரிசுகள் அனைவரும் கையொப்பமிட்டனரா என்று பாருங்கள். கிரயமானதும் பட்டாவைப் பெயர் மாற்றுங்கள். பவர் பத்திரத்தையே கிரயமென நம்பி இங்கே வீடு வாங்காதீர்கள். அதனால் உரிமை கைமாறாதென 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

பெட்டியைத் திறந்து பார்த்து ரசீது தரும் காலம் விரைவில் வருக!