வாலிபப் பருவமும் தவக்குலும்

(நமது ஜமாஅத்தின் சார்பில் நடைபெற்ற மாணவ மாணவியர் பரிசளிப்பு நிகழ்ச்சியில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே புகழ் அனைத்தும் உரித்தாகுக. அவனுடைய திருத்தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

 

பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளைகளுக்கு இன்று பரிசு வழங்கினோம். அல்ஹம்துலில்லாஹ். அவர்களுடைய உழைப்பை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆயினும், என்னுடைய பேச்சு இன்று பெரும்பாலும் மற்றவர்களை நோக்கியது. பரிசுப் பட்டியலில் பெயர் இல்லாத பிள்ளைகள் சிலர் கடைசி வரிசையில் தூண்களின் ஓரத்தில் அமர்ந்திருக்கிறார்கள். சிலர் வரவேயில்லை. அவர்களுக்காகவும், அவர்களைப் பெற்றவர்களுக்காகவும் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். நான் எடுத்துக்கொண்ட தலைப்பு தவக்குல். அதாவது, காரியங்களை அல்லாஹ்விடம் பொறுப்புச் சாட்டுதல்.

நான் செய்த தவறு

முதலில் ஒரு தவற்றை உங்கள் முன் ஒப்புக்கொள்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் நான் இமாமத் செய்து வந்தேன். பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஒரு பிள்ளை அங்கே சுப்ஹுத் தொழுகைக்குத் தவறாமல் வருவான். தொழுகை முடிந்தவுடன் பள்ளியின் ஓரத்தில் அமர்ந்து பாடம் படிப்பான். ஒருநாள் அவன் என்னிடம், "ஹஜ்ரத், எனக்கு மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்குமா?" என்று கேட்டான். நான் சற்றும் சிந்திக்காமல், "தொழுகையை விடாதே, அல்லாஹ்வின் மீது தவக்குல் வை, நிச்சயம் கிடைக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அவன் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். பல வாரங்கள் கழித்துக் கடைத்தெருவில் அவனைக் கண்டேன். தலைகுனிந்தவாறே கேட்டான்: "நான் தவக்குல் வைத்தேனே ஹஜ்ரத், என்னுடைய ஈமானில் என்ன குறை?"

என்னால் பதில் சொல்ல இயலவில்லை. அன்றிரவு நெடுநேரம் யோசித்தேன். குறை அவனுடைய ஈமானில் இல்லை; என்னுடைய போதனையில்தான் இருந்தது. அல்லாஹ் கொடுக்காத ஒரு வாக்குறுதியை அல்லாஹ்வின் பெயரால் நான் கொடுத்துவிட்டேன். தவக்குல் என்னும் மாபெரும் வணக்கத்தை, இவ்வளவு தொழுதால் இவ்வளவு மதிப்பெண் என்று ஒரு வியாபாரமாக ஆக்கிவிட்டேன். வியாபாரத்தில் எதிர்பார்த்தது வராவிட்டால் மனிதன் கடையை மாற்றிக்கொள்வான். அந்தப் பிள்ளையும் அதைத்தான் செய்தான்.

தவக்குல் என்றால் என்ன?

பெருமானார் (ஸல்) அவர்களிடம் ஒருவர் வந்து, ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதா, அவிழ்த்துவிட்டுத் தவக்குல் வைப்பதா என்று வினவினார். கட்டிவிட்டே தவக்குல் வைக்குமாறு பெருமானார் அவர்கள் பணித்தார்கள். ஹழ்ரத் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி திர்மிதியில் பதிவாகியுள்ளது. நாம் அல்லாஹ்வின் மீது முறையாகத் தவக்குல் வைத்தால் பறவைகளுக்கு உணவளிப்பது போல் நமக்கும் அவன் உணவளிப்பான் என்ற கருத்துடைய நபிமொழியும் அந்நூலில் உண்டு. காலையில் பசித்த வயிற்றுடன் கிளம்பும் பறவை மாலையில் நிறைந்த வயிற்றுடன் திரும்புகிறது என்று அதில் வருகிறது. சற்றுக் கவனியுங்கள்: அந்தப் பறவை கூட்டிலேயே இருந்துவிடவில்லை.

திருக்குர்ஆனின் 12ஆவது அத்தியாயமாகிய சூரா யூசுஃபில் ஹழ்ரத் யஃகூப் (அலை) அவர்கள் தம் மக்களை எகிப்துக்கு அனுப்பிய வரலாறு வருகிறது. எல்லோரும் ஒரே வாயிலால் நுழையாமல் வெவ்வேறு வாயில்களால் நுழையுமாறு அவர்கள் அறிவுரை கூறினார்கள். அதே மூச்சில், அல்லாஹ்வின் விதியிலிருந்து தம்மால் அவர்களைக் காக்க இயலாது என்பதையும், தம்முடைய தவக்குல் அவன் மீதே என்பதையும் தெரிவித்தார்கள். ஒரு தந்தையின் முன்யோசனையும் ஒரு நபியின் தவக்குலும் அங்கே ஒன்றாக நிற்கின்றன.

எனவே மாணவர்களே, படிப்பது உங்கள் பொறுப்பு. நேரத்தைப் பங்கிட்டுக்கொள்வதும், புரியாததை ஆசிரியரிடம் கேட்பதும், இரவில் போதிய நேரம் உறங்குவதும் உங்கள் பொறுப்பே. முடிவு உங்கள் பொறுப்பில் இல்லை. உங்களுடையதல்லாத சுமையை உங்கள் தோளிலிருந்து இறக்கி, அதற்கு உரியவனிடம் ஒப்படைப்பதற்குப் பெயர்தான் தவக்குல்.

அச்சம் வந்தால் ஈமான் போய்விட்டதா?

"எனக்குப் பயமாக இருக்கிறது, தூக்கம் வரவில்லை" என்று பிள்ளைகள் சொல்லும்போது, "உனக்கு ஈமான் பலவீனம்" என்று சிலர் உடனே தீர்ப்பளிக்கிறார்கள். இது பெரும் பிழை. மூஸா (அலை) அவர்களின் தாயாருக்கு, குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதாக அல்லாஹ்வே வாக்களித்திருந்தான். அதன் பிறகும் அவருடைய உள்ளம் வெறுமையாகிவிட்டதை 28ஆவது அத்தியாயம் எடுத்துரைக்கிறது. அவர் என்ன செய்தார்? மகளை அனுப்பி, குழந்தையைப் பின்தொடர்ந்து பார்த்துவரச் சொன்னார். கலங்கிய உள்ளத்துடனேயே அடுத்த காரியத்தைச் செய்தார். யஃகூப் (அலை) அவர்களோ மகனை நினைத்து அழுது அழுது கண்கள் வெளுத்துப்போனார்கள். ஆயினும் அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்கவில்லை. ஆகவே, கண்ணீர் தவக்குலுக்கு எதிரானதன்று.

ஹழ்ரத் அனஸ் (ரலி) அவர்களை அவர்களுடைய தாயார் உம்மு சுலைம் (ரலி) பெருமானாரின் பணிவிடைக்காக ஒப்படைத்தபோது அவர்களுக்கு வயது ஏறத்தாழ 10. பெருமானார் மறையும்போது ஏறத்தாழ 20. அதாவது, இன்று நாம் கவலைப்படும் பருவ வயது முழுவதும் அவர்கள் பெருமானாரின் நிழலிலேயே கழிந்தது. அந்த வாலிபர் பெருமானாரிடம் அடிக்கடி செவியுற்ற து ஆ எது தெரியுமா? கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும், இயலாமையிலிருந்தும் சோம்பலிலிருந்தும், கஞ்சத்தனத்திலிருந்தும் கோழைத்தனத்திலிருந்தும், கடன் சுமையிலிருந்தும் மனிதர்களின் ஆதிக்கத்திலிருந்தும் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடும் து ஆ. இது ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. கவலை என்பது பெருமானாரே பாதுகாவல் தேடிய ஒன்று. அதை வெளியே சொல்ல நீங்கள் ஏன் வெட்கப்பட வேண்டும்?

கேட்டது கிடைக்காதபோது

அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். ஒரு முஸ்லிம் பாவமானதையோ உறவைத் துண்டிப்பதையோ கேட்காத வரையில் அவனுடைய து ஆ வீணாவதில்லை. கேட்டது விரைவில் கிடைக்கலாம். மறுமைக்காகச் சேமித்து வைக்கப்படலாம். அல்லது அதற்கு ஈடான ஒரு தீங்கு அவனை விட்டு விலக்கப்படலாம். முஸ்னத் அஹ்மதில் வரும் நபிமொழியின் கருத்து இது. நான் அந்த மூன்றில் ஒன்றை மட்டும் சொல்லி, மற்ற இரண்டையும் மறைத்துவிட்டேன்.

யூசுஃப் (அலை) அவர்களைச் சகோதரர்கள் கிணற்றில் போட்டபோது அவர்கள் சிறுவர். பின்னர் அடிமையாக விற்கப்பட்டார்கள். செய்யாத குற்றத்திற்காகச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். கிணற்றுக்குள் இருந்து பார்த்தால் எகிப்தின் களஞ்சியம் தெரியாது. ஆனால், இந்த வரலாற்றைக் கேட்டுவிட்டு, "நானும் ஒருநாள் உயர்பதவி பெறுவேன்" என்று மட்டும் பாடம் எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லோருக்கும் களஞ்சியம் கிடைப்பதில்லை. கிணற்றிலும் சிறையிலும் அல்லாஹ் அவர்களுடன் இருந்தான் என்பதே முதல் பாடம்.

பெற்றோர்களே!

இப்போது உங்களிடம் பேசுகிறேன். பிள்ளைக்குத் தவக்குலைப் போதிக்கும் நாம், மதிப்பெண் தாள் வந்த அன்று எப்படி நடந்துகொள்கிறோம்? "சொந்தக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்?" என்கிறோம். "பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்" என்கிறோம். ரிஜ்க் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது என்று ஜும்ஆவில் கேட்டுத் தலையசைக்கும் நாமே, அது மதிப்பெண் தாளில் இருப்பதாகப் பிள்ளைக்குக் காட்டிவிடுகிறோம். நம்மிடம் இல்லாத தவக்குலைப் பிள்ளையிடம் எப்படி எதிர்பார்ப்பது?

பத்தாண்டு பணிவிடையில் பெருமானார் தம்மை ஒருமுறைகூட 'ச்சீ' என்று சொன்னதில்லை. செய்ததை ஏன் செய்தாய் என்றோ, செய்யாததை ஏன் செய்யவில்லை என்றோ கேட்டதில்லை என்று அனஸ் (ரலி) அவர்கள் சாட்சி கூறுகிறார்கள். ஒருமுறை பெருமானார் ஒரு வேலைக்காக அவர்களை அனுப்பினார்கள். வழியில் கடைத்தெருவில் சிறுவர்கள் விளையாடிக்கொண்டிருக்க, அங்கே நின்றுவிட்டார்கள். பின்னாலிருந்து ஒரு கை பிடரியைப் பிடித்தது. திரும்பிப் பார்த்தால் பெருமானார் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். 'உனைஸ்' என்று செல்லப்பெயரால் அழைத்து, சொன்ன இடத்திற்குப் போனாயா என்று கேட்டார்கள். அவ்வளவுதான். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் இந்தச் சிரிப்பை நம் வீடுகளுக்குள் கொண்டுவாருங்கள்.

தமிழகப் பள்ளிக் கல்வித் துறையே 2017இல், பொதுத் தேர்வில் முதல் மூன்று இடம் பெற்றவர்களின் பெயர்களை அறிவிக்கும் வழக்கத்தைக் கைவிட்டது. பிள்ளைகளின் மன உளைச்சலைக் குறைப்பதே நோக்கம். நாமோ பள்ளிவாசல் வாசலில் பிளக்ஸ் பலகை வைத்து முதல் மதிப்பெண்ணைப் படத்துடன் அறிவிக்கிறோம். பரிசு கொடுப்பது நன்மையே. எனினும் அந்தப் பலகையைக் கடந்து தொழ வரும் மற்றப் பிள்ளைகளின் உள்ளத்தையும் நிர்வாகிகள் கருத்தில் கொள்ள வேண்டுமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

சில வேண்டுகோள்கள்

மாணவர்களே, மேற்படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது விவரம் அறிந்தவர்களிடம் மஷ்வரா செய்யுங்கள், இஸ்திகாராத் தொழுங்கள். தேர்ச்சி பெறாதவர்களுக்கு அதே ஆண்டில் துணைத் தேர்வு இருக்கிறது. ஒரு பாடத்தில் தோற்றவன் வாழ்க்கையில் தோற்றவனல்லன். நடந்துவிட்ட பிறகு, "அப்படிச் செய்திருந்தால், இப்படிச் செய்திருந்தால்" என்று மனத்தை அரித்துக்கொள்ளாதீர்கள். பயனுள்ளதில் முயன்று அல்லாஹ்விடம் உதவி தேடுமாறே பெருமானார் வழிகாட்டினார்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகவே சொல்கிறேன். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் உங்களில் எவருக்கேனும் வந்தால், அந்த உயிர் அல்லாஹ் உங்களிடம் ஒப்படைத்த அமானத் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அந்த எண்ணத்துடன் தனிமையில் இருக்காதீர்கள். தாயிடம் சொல்லுங்கள், தந்தையிடம் சொல்லுங்கள், ஆசிரியரிடம் சொல்லுங்கள், என்னிடம் சொல்லுங்கள். நான் கடிந்துகொள்ள மாட்டேன். பிறரிடம் பேசித் திரியவும் மாட்டேன். 2022ஆம் ஆண்டு முதல் 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது. நோய்க்கு மருத்துவரை நாடுவது எப்படித் தவக்குலுக்கு முரணில்லையோ, அப்படியே மனத்தின் நோய்க்கு உதவி நாடுவதும் முரணில்லை. அதுவும் ஒட்டகத்தைக் கட்டுவதுதான்.

அந்தப் பிள்ளையின் வீட்டிற்கு நான் பிறகு சென்றேன். "நான் உனக்குச் சொன்னது தவறு. அல்லாஹ் வாக்களிக்காததை நான் வாக்களித்துவிட்டேன், என்னை மன்னித்துவிடு" என்றேன். அவன் எதுவும் பேசவில்லை. உள்ளே சென்று தேநீர் கொண்டுவந்து வைத்தான். சில வாரங்கள் கழித்து ஒரு ஜும்ஆவில் கடைசி ஸஃப்பில் அவனைக் கண்டேன். அவன் பிற்காலத்தில் என்ன ஆனான் என்பதை நான் இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால், நீங்கள் மீண்டும் தவக்குலைப் பலனை வைத்து எடைபோடுவீர்கள். அவன் திரும்பி வந்தான். எனக்கு அது போதும்.

அடுத்த ஆண்டு தேர்வு முடிவு வெளியாகும் நாளில், இன்ஷா அல்லாஹ், அஸர் முதல் இஷா வரை நான் பள்ளியிலேயே அமர்ந்திருப்பேன். மதிப்பெண் எவ்வளவு என்று எவரிடமும் கேட்கமாட்டேன். வீட்டுக்குப் போகத் தயங்கும் பிள்ளை யாரேனும் இருந்தால் என்னிடம் வரட்டும். நானே கையைப் பிடித்து வீடு வரை அழைத்துச் செல்கிறேன். பெற்றோர்கள் கதவைத் திறந்து வையுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் உள்ளங்களிலிருந்து கவலையை அகற்றுவாயாக. அவர்களுடைய முயற்சியில் பரக்கத் செய்வாயாக. நீ கொடுத்தாலும் தடுத்தாலும் உன்னை விட்டு விலகாத ஈமானை அவர்களுக்கும், அவர்களைக் காயப்படுத்தாத நாவை எங்களுக்கும் தந்தருள்வாயாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.