மரத்துப்போகாத பல்லும் தலைவிதியும்

(இளையரசனேந்தலில் பேசியது)



பல் பிடுங்க ஊசி போட்டும் மரத்துப்போகாவிட்டால், "தலைவிதி" என்று மந்திரிக்க ஓடுகிறோம். விதி எந்தப் பல்லில் இருக்கிறது? சீழ் கோத்த இடத்தில் அமிலம் மிகுவதால் மருந்தில் பெரும்பகுதி நரம்புக்குள் நுழைவதில்லை. சிலருக்கு நரம்பு ஓடும் வழியே சற்று வேறு. காரணம் இருப்பதால் பரிகாரமும் உண்டு. வீக்கத்துக்குத் தள்ளி, நரம்பின் அடிப்பக்கத்தில் ஊசி போடலாம், மருந்தை மாற்றலாம், சீழை வடித்துப் பிறகு பிடுங்கலாம்.

1846-ல் பாஸ்டனில் ஈதர் கொடுத்து, வலியின்றி அறுவை நடக்கச் செய்து காட்டிய மார்ட்டன் ஒரு பல் வைத்தியரே. அவர் நோவை விதியென்று விட்டாரா?

ஆகவே தோழர்களே, முன்பு ஊசி கேட்கவில்லையென்றால் வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். வலித்தால் கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லுங்கள். பொறுத்துக் கிடப்பது வீரமுமல்ல, புண்ணியமுமல்ல, கேட்பதே அறிவு.